எல்லாப் பிழையிலும் ‘ஹெட் 1’: பழைய லினக்ஸ் கணினியில் ஃப்ளாப்பி படிக்காதபோது என்ன பார்ப்பது

கேள்வி: திருநகரில் எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்த 486 கணினியை இறக்கி ஓடவிட்டேன். ஸ்லாக்வேர் லினக்ஸ், அதன் மைய நிரலான கர்னல் 2.0. ஹார்டு டிஸ்கிலிருந்து நன்றாகவே கிளம்புகிறது. அதிலிருந்த ஃப்ளாப்பி டிரைவ் அசையவில்லை என்பதால் பழைய சாமான் கடையில் ஒரு டிரைவ் வாங்கி மாட்டினேன். முதலில் போட்ட ஃப்ளாப்பி கொஞ்ச நேரம் படித்தது, அப்புறம் பிழை. அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் பிழைதான். ‘செக்டர் நாட் ஃபவுண்ட்: டிராக் 0, ஹெட் 1, செக்டர் 2’, ‘டேட்டா சிஆர்சி எரர்: டிராக் 41, ஹெட் 1, செக்டர் 7’ என்று வரிசையாக வருகின்றன. சில நேரம் ஃப்ளாப்பியை மாற்றினாலும் முந்தைய ஃப்ளாப்பியின் கோப்புப் பட்டியலே தெரிகிறது. சிலவற்றை மவுன்ட் செய்தால், அதாவது கோப்புகளைப் பார்க்கக் கணினியோடு இணைத்தால், ‘ராங் எஃப்எஸ் டைப்’ என்கிறது. பெரியப்பா எழுதிய நிரல்களும் கடிதங்களும் இந்த ஃப்ளாப்பிகளில்தான் இருக்கின்றன. எல்லாம் போய்விட்டதா?

பதில்:

தம்பி, முதல் வேலையாக டிரைவில் இருக்கும் ஃப்ளாப்பியை வெளியே எடுத்துவிடுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்து, டிரைவைச் சுத்தம் செய்யும்வரை பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட வேண்டாம். ‘இதாவது படிக்குமா பார்ப்போம்’ என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் இப்போது அந்த வட்டுகளுக்கு இருக்கிற பெரிய ஆபத்து. கோப்புகள் எல்லாம் போய்விட்டன என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய வரிகளைப் பார்த்தால் பெரும்பாலானவை வட்டில் அப்படியே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படிச் சொல்லக் காரணம், எல்லா வரியிலும் ‘ஹெட் 1’ என்றே வருவதுதான்.

3.5 அங்குல ஃப்ளாப்பியில் தகவல் இரண்டு பக்கமும் பதிகிறது. கீழ்ப் பக்கத்தைத் தொட்டுப் படிப்பது ஹெட் 0, மேல் பக்கத்துக்கு ஹெட் 1. பக்கத்துக்கு டிராக் என்ற 80 வளையங்கள், டிராக்குக்கு செக்டர் என்ற 18 துண்டுகள், செக்டருக்கு 512 பைட். மொத்தம் 2,880 செக்டர், 14,74,560 பைட். இதைத்தான் 1.44 எம்பி என்கிறோம். வட்டு பழசாகிக் கெட்டுப்போனால் பிழைகள் இரண்டு பக்கமும் சிதறி வரும். ஒரு ஃப்ளாப்பியில் ஹெட் 0, இன்னொன்றில் ஹெட் 1, வேறொன்றில் இரண்டும் என்று கலந்துதான் இருக்கும். உங்களுக்கோ ஃப்ளாப்பி மாறுகிறது, டிராக் மாறுகிறது, பக்கம் மட்டும் மாறவே இல்லை. இத்தனை வட்டுகளும் மேல் பக்கத்தில் மட்டும் சொல்லிவைத்தாற்போல் கெட்டிருக்காது. டிரைவின் மேல் ஹெட்டில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது.

‘முதல் ஃப்ளாப்பி கொஞ்ச நேரம் படித்தது, அப்புறம் பிழை, அதற்குப் பிறகு எல்லாமே பிழை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிசையும் இதையேதான் சொல்கிறது. முதலில் போட்டது பூஞ்சை பிடித்த வட்டாக இருந்திருக்க வேண்டும். திருநகர்ப் பக்கம் தென்கால் கண்மாய் நிறைந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் ஈரம் எப்படி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்து சித்திரை வெயிலில் அதே பரண் கொதிக்கும். இப்படிப் பல வருஷம் மாறி மாறிப் பட்ட ஃப்ளாப்பிகளின் மேற்பரப்பில் பூஞ்சை வெள்ளை வெள்ளையாகப் புள்ளி போட்டுவிடும். வட்டு நிமிஷத்துக்கு 300 முறை சுற்றுகிறது. ஹார்டு டிஸ்க் போல ஹெட் இங்கே காற்றில் மிதப்பதில்லை, வட்டைத் தொட்டபடிதான் ஓடுகிறது. பூஞ்சை உரிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் போடுகிற நல்ல வட்டின் மேல் அந்த ஒட்டிய துணுக்கு உரசி, பழுப்பு நிறக் காந்தப் பூச்சையே சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் இருந்த தகவல் போனது போனதுதான், அதை எந்தக் கருவியாலும் திருப்ப முடியாது. நிறுத்துங்கள் என்று முதலிலேயே சொன்னது இதனால்தான்.

சரி, வட்டுகளை எப்படிப் பார்ப்பது? ஃப்ளாப்பியைக் கவிழ்த்துப் பிடித்தால் நடுவில் வட்டமான உலோகத் தகடு தெரியும். ஒரு கையால் தகர மூடியை ஓரமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரலால் அந்த நடுத் தகட்டை மெல்லச் சுற்றுங்கள். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, சுற்றிவரும் பரப்பைப் பாருங்கள். நல்ல வட்டு ஒரே சீரான கரும்பழுப்பில் கண்ணாடி போலத் தெரியும். மங்கலான வெண்புள்ளி, பனி படிந்தது போன்ற திட்டு தெரிந்தால் பூஞ்சை. வட்டமாக ஒரு கோடு மட்டும் தெரிந்தால் ஹெட் உரசியிருக்கிறது. அந்தக் கோட்டில் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் ஊடுருவித் தெரிந்தால் பூச்சு போய்விட்டது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பரப்பில் விரல் படக்கூடாது. பார்த்து மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சுத்தமானவை, பூஞ்சை உள்ளவை, கோடு விழுந்தவை.

பிரிக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு ஃப்ளாப்பியிலும் மூலையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தாழைத் தள்ளி, அந்தத் துளை திறந்திருக்கும்படி வையுங்கள். துளை திறந்திருந்தால் அந்த வட்டில் எழுத முடியாது. எதிர் மூலையில் இருக்கும் தாழில்லாத துளை ‘ஹை டென்சிட்டி’ என்று டிரைவுக்குச் சொல்வதற்கு, அதைத் தொட வேண்டாம். எழுதாமல் தடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கோப்புப் பட்டியல் மாறாத விஷயத்தில் சொல்கிறேன்.

இப்போது ஹெட்டைச் சுத்தம் செய்வது. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிரைவை வெளியே எடுங்கள். மேலே உள்ள தகரத்தைக் கழற்றினால் நடுவில் இரண்டு சின்ன, பளபளப்பான சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். அவைதான் ஹெட்கள். மேலே இருப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு கையில் தொங்கும். மொபைல் சர்வீஸ் கடைகளுக்குச் சாமான் விற்கிற கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்குங்கள். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், காய்ந்ததும் படிவு விடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் பிளாஸ்டிக்கையே கரைக்கும், பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். இழை உதிராத துணியை, கண்ணாடி துடைக்கும் துணி கிடைத்தால் நல்லது, மெல்லிய குச்சியில் சுற்றி நனைத்துக்கொள்ளுங்கள். சொட்டக்கூடாது. இரண்டு ஹெட்டுக்கும் இடையில் நுழைத்து முதலில் கீழே, அப்புறம் துணியை மாற்றி மேலே, லேசாகத் தேய்த்து எடுங்கள். மேல் ஹெட்டைத் துடைத்த துணியில் பழுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ கறை வந்தால் நான் சொன்னது சரி என்று வைத்துக்கொள்ளலாம். கறை வருவது நிற்கும்வரை புதுத் துணியில் திரும்பச் செய்யுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. வசதிக்காக மேல் ஹெட்டின் கையை மேலே நெம்பித் தூக்காதீர்கள். அது தொங்குவது மிக மெல்லிய தகட்டில். கொஞ்சம் வளைந்தாலும் மேல் பக்கம் டிராக்கை விட்டு விலகிவிடும். மறுபடி சரியாக நிறுத்த அலைன்மென்ட் வட்டும் ஆசிலோஸ்கோப்பும் வேண்டும். அந்த வேலை தெரிந்தவரை இன்று தேடிப் பிடிப்பது கஷ்டம்.

தகரம் கழற்றியிருக்கும்போதே ஹெட் முன்னும் பின்னும் ஓடும் கம்பியையும் திருகுத் தண்டையும் பார்த்துவிடுங்கள். பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து இறுகிப்போயிருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் துளி கிரீஸ் வைத்தால் போதும். இதையே பெரியப்பாவின் பழைய டிரைவுக்கும் செய்யச் சொல்வேன். அசையவில்லை என்று அதை ஒதுக்கிவிட்டீர்கள். கிரீஸ் இறுகி ஹெட் வண்டி சிக்கிக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். லினக்ஸ் அதை ‘ரீகேலிபரேட் ஃபெயில்டு’ என்று சொல்லும், அதாவது ஹெட்டை டிராக் 0-க்குக் கொண்டுவர முடியவில்லை. தயவுசெய்து அந்த டிரைவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த ஃப்ளாப்பிகளை எழுதியது அதுதான். ஒவ்வொரு டிரைவின் ஹெட்டும் தலைமுடி அளவு முன்னே பின்னே நிற்கும். எழுதிய டிரைவ் சற்று விலகியிருந்தால், அதே விலகலோடு அது தன் வட்டைப் படித்துவிடும், வேறு டிரைவ் திணறும். கடையில் வாங்கியது எவ்வளவு நன்றாக ஓடினாலும், முடிந்தால் பழையதை உயிர்ப்பித்து அதிலும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்து மாட்டியதும் பெரியப்பாவின் வட்டை உடனே போடாதீர்கள். ஸ்லாக்வேர் நிறுவல் ஃப்ளாப்பிகள் பெட்டியில் இருக்கும், ஏ1, ஏ2, என்1 என்று லேபிள் ஒட்டியிருப்பார். அவை போனாலும் இணையத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதில் கண்ணுக்குச் சுத்தமாக இருப்பதை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படிக்கவிடுங்கள். முதல் ஃப்ளாப்பி டிரைவின் பெயரான /டெவ்/எஃப்டி0-ஐ உள்ளீடாகவும், வருவதையெல்லாம் விழுங்கிவிடும் /டெவ்/நல்-ஐ வெளியீடாகவும் கொடுத்து டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையை ஓட்டினால் போதும், முழு வட்டுக்கு ஒரு நிமிஷம் அளவுக்குத்தான் ஆகும். முடிந்ததும் வெளியே எடுத்து மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக ஒரு கோடு விழுந்திருந்தால் ஹெட் இன்னும் சுத்தமாகவில்லை. கோடு இல்லை, பிழையும் இல்லை என்றால்தான் அடுத்த படி.

இனி, ஃப்ளாப்பியை மாற்றினாலும் பழைய பட்டியல் வருவது. இது ஹெட்டோடு சம்பந்தமில்லாத தனிக் கோளாறு, டிரைவ் மாற்றியபோது வந்திருக்க வேண்டும். ஃப்ளாப்பி கேபிளில் 34 கம்பிகள். 34-ஆவது கம்பி ‘டிஸ்க் சேஞ்ச்’. வட்டை வெளியே எடுத்ததும் டிரைவ் இந்தக் கம்பி வழியாகச் சொல்ல, கர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய வட்டின் பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் படிக்கும். சேதி வராவிட்டால் உள்ளே அதே வட்டுதான் இருக்கிறது என்று நினைத்து, நினைவகத்தில் இருப்பதையே காட்டும். பார்ப்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் அந்த நிலையில் புது வட்டில் ஒரு கோப்பை எழுதினால், பழைய வட்டின் கோப்பு அட்டவணை புது வட்டின் மேல் எழுதப்பட்டுவிடும். அந்த வட்டில் உள்ள எல்லாக் கோப்பும் ஒரே நொடியில் சிதறிப் போகும். எழுத முடியாதபடி தாழைத் தள்ளி வையுங்கள் என்றது இதற்காகத்தான்.

முதலில் கேபிளைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும், அது 1-ஆவது கம்பி. அதற்கு எதிர் ஓரத்தில் இருப்பது 34. ஓரக் கம்பி என்பதால் கழற்றி மாட்டும்போது முதலில் அறுவதோ இணைப்பியில் தளர்வதோ இதுதான். வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். கேபிளை மாட்டும்போது முறுக்கு விட்ட பகுதியைத் தாண்டிய முனைதான் முதல் டிரைவுக்கு. தலைகீழாக மாட்டினால் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். கேபிள் நன்றாக இருந்தும் பட்டியல் மாறவில்லை என்றால் டிரைவின் ஜம்பரை, அதாவது அமைப்பை மாற்றும் சின்ன இணைப்பு முனையைப் பாருங்கள். சில டிரைவ்களில் 34-ஆவது முனையில் ‘டிஸ்க் சேஞ்ச்’ வருவதா, ‘ரெடி’ வருவதா என்பதை ஜம்பர் தீர்மானிக்கும். பிசிக்கு வேண்டியது முதலாவது.

இரண்டும் பலிக்காவிட்டால் தற்காலிகமாக ஒரு வழி உண்டு. லினக்ஸைக் கிளப்பும் லைலோ நிரல் ‘பூட்’ என்று கேட்கும் இடத்தில் கர்னலுக்கு ‘ஃப்ளாப்பி=புரோக்கன்_டிசிஎல்’ என்ற தெரிவைக் கொடுங்கள், ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். அந்தக் கம்பியைக் கர்னல் நம்பாது. எஃப்டி0 புதிதாகத் திறக்கப்படும் ஒவ்வொரு தடவையும் வட்டு மாறிவிட்டதாகவே வைத்துக்கொள்ளும். அதனால் மாற்றுவதற்கு முன் அன்மவுன்ட், மாற்றிய பின் மவுன்ட் என்ற ஒழுங்கு கட்டாயம். பிசி டிரைவின் பொத்தான் வெறும் இயந்திரம், லினக்ஸால் அதைப் பூட்டி வைக்க முடியாது. மவுன்ட் ஆகியிருக்கும்போதே நீங்கள் வட்டை உருவினால் ‘டிஸ்க் ஆப்சென்ட் ஆர் சேஞ்ச்டு டியூரிங் ஆபரேஷன்’ என்று கத்தத்தான் அதால் முடியும்.

பிழை வரிகளில் வரும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். ‘டிராக் 0, ஹெட் 1, செக்டர் 2’ வந்த அதே இடத்தில், அதற்கு அடுத்த வரியில் ‘ஐ/ஓ எரர், டெவ் 02:00, செக்டர் 19’ என்றும் வந்திருக்கும். 02:00 என்பது உங்கள் முதல் ஃப்ளாப்பி டிரைவின் எண். 19 என்பது வட்டின் தொடக்கத்திலிருந்து 0, 1, 2 என்று எண்ணிவந்த செக்டர். இரண்டு வரியும் சொல்வது ஒரே இடத்தைத்தான். 36-ஆல் வகுத்தால் ஈவு டிராக். மீதி 18-க்குக் குறைவாக இருந்தால் ஹெட் 0, இல்லாவிட்டால் ஹெட் 1. ஹெட்டுக்குள் செக்டர் 1-இலிருந்து எண்ணப்படும். 19-ஐ 36-ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி 19. அதில் 18 போக மீதம் 1, அதாவது இரண்டாவது செக்டர். இதேபோல உங்கள் ‘டிராக் 41, ஹெட் 1, செக்டர் 7’ என்பது 1,500-ஆவது எண்.

1.44 எம்பி டாஸ் ஃப்ளாப்பியில் 0-ஆவது செக்டர் தொடக்கச் செக்டர். 1 முதல் 9 வரை கோப்பு அட்டவணை, 10 முதல் 18 வரை அதன் நகல். 19 முதல் 32 வரை கோப்புப் பெயர்களின் பட்டியல். 33-இலிருந்துதான் கோப்புகளே தொடங்குகின்றன. 19 படிக்கவில்லை என்றால் பட்டியலின் முதல் 16 பெயர்கள் தெரியவில்லை என்று அர்த்தம், ஒரு பெயருக்கு 32 பைட் என்பது கணக்கு. கடிதமும் நிரலும் 33-க்கு அப்பால் தொடப்படாமல் கிடக்கின்றன. மவுன்ட் ஆகிறது, ஆனால் பட்டியல் கேட்டதும் பிழை என்று உங்களுக்கு வந்திருந்தால் அதற்கு இதுவே காரணம். மவுன்ட் செய்யும்போது தொடக்கச் செக்டர்கள் ஹெட் 0 வழியாக நன்றாகவே வந்துவிட்டன, 18-இலிருந்து ஹெட் 1-இன் பக்கம்.

‘செக்டர் நாட் ஃபவுண்ட்’, ‘டேட்டா சிஆர்சி எரர்’ இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு செக்டருக்கு முன்னும் ‘நான் இந்த டிராக், இந்த ஹெட், இந்த செக்டர்’ என்று ஒரு சின்ன முகவரி வட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். முகவரியே கண்ணில் படவில்லை என்றால் முதல் பிழை. முகவரி கிடைத்து, உள்ளே இருக்கும் தகவல் அதன் கூட்டுச் சோதனையோடு ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டாவது. இரண்டாவது பிழை வருகிறதென்றால் ஹெட் சரியான இடத்துக்குப் போய்விட்டது, ஏதோ சில பிட்கள் மட்டும் தவறுகின்றன. நம்பிக்கை வைக்கலாம். உங்களுக்கு டிராக் 41-இல் வந்தது இந்த வகை. எல்லா வட்டிலும், இரண்டு ஹெட்டிலும், எல்லா டிராக்கிலும் ‘நாட் ஃபவுண்ட்’ மட்டுமே வந்திருந்தால் நான் அலைன்மென்ட்டைச் சந்தேகித்திருப்பேன்.

‘ராங் எஃப்எஸ் டைப்’, அதாவது ‘கோப்பு முறைமை வகை தவறு’ என்பது பெரும்பாலும் பழுதே இல்லை. அந்தக் காலத்தில் ஃப்ளாப்பியில் எப்போதும் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமை இருக்கும் என்று சொல்ல முடியாது. 1990-களின் பின்பாதியில் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு லினக்ஸ் கிடைத்தது பிசி குவெஸ்ட் இதழோடு வந்த சிடி வழியாக. 486-கள் சிடியிலிருந்து நேராகக் கிளம்பாது. அதனால் டாஸில் ராரைட் என்ற நிரலை ஓட்டி பூட், ரூட் என்று இரண்டு ஃப்ளாப்பி செய்துகொள்வார்கள். பூட் வட்டில் இருப்பது கர்னல், ரூட் வட்டில் இருப்பது சுருக்கப்பட்ட ஒரு இமேஜ், அதாவது முழு வட்டின் பிரதி. இரண்டையும் டாஸ் வட்டு என்று மவுன்ட் செய்தால் ஒத்துக்கொள்ளாது. அப்புறம், பல யூனிக்ஸ்காரர்கள் காப்பு எடுக்கும்போது மவுன்ட்டே செய்யாமல் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையால் நேராக /டெவ்/எஃப்டி0-க்கே எழுதுவார்கள். பெரியப்பா நிரல் எழுதுகிறவர் என்றால் அவரது காப்பு வட்டுகள் இப்படி இருக்கவே நான் எதிர்பார்ப்பேன். டார் கட்டளையைப் பட்டியல் மட்டும் காட்டும் தெரிவோடு எஃப்டி0 மேல் ஓட்டிப் பாருங்கள், கோப்புப் பெயர்கள் வரிசையாக ஓடினால் விஷயம் முடிந்தது. இல்லாவிட்டால் எக்ஸ்ட்2, மினிக்ஸ் என்று கோப்பு முறைமையின் வகையைச் சொல்லி மவுன்ட் செய்து பாருங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. ஃப்ளாப்பிக்குள் அதிகம் அடைக்க டிராக்குக்கு 21 செக்டர் வைத்து 1,680 கேபி வட்டு செய்வது வழக்கமாக இருந்தது. அதைக் கர்னல் தானாகக் கண்டுபிடிக்கத் தவறினால் ‘புரோப் ஃபெயில்டு’ வரும். எஃப்டி0-க்குப் பதில் எஃப்டி0யு1680 என்ற சாதனப் பெயரைக் கொடுத்துப் படித்துப் பாருங்கள். எது வந்தாலும் சரி, ‘ஃபார்மட் செய்யவா’ என்று எந்த நிரல் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

சுத்தமான குவியலில் உள்ள பெரியப்பாவின் வட்டுகளை இப்போது எடுக்கலாம். மவுன்ட் செய்து கோப்பு கோப்பாக நகலெடுக்க வேண்டாம். வட்டை முழுசாக ஒரே தடவையில் இமேஜாக எடுத்துவிட்டு, மற்ற ஆராய்ச்சியெல்லாம் அந்த இமேஜில் வைத்துக்கொள்ளுங்கள். டிடி கட்டளையில் பிஎஸ் 512, கான்வ் என்பதற்கு நோஎரர், சிங்க் இரண்டும் சேர்த்துக் கொடுங்கள். நோஎரர் பிழை வந்தாலும் நிற்காமல் ஓடவைக்கும். சிங்க் படிக்காத இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பி, பின்னால் வருவதெல்லாம் தன் இடத்திலேயே இருக்கும்படி செய்யும். சிங்க்கை விட்டுவிட்டால் ஒரு செக்டர் தவறியதும் மீதி எல்லாம் முன்னால் நகர்ந்து இமேஜ் பாழாகும். முடிந்ததும் அளவு 14,74,560 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் வந்த பிழை வரிகளையும் அதே பெயரில் ஒரு கோப்பாகச் சேமித்து வையுங்கள், எந்த வட்டில் எந்தச் செக்டர் இல்லை என்பது பிறகு தேவைப்படும்.

34 முனை ஃப்ளாப்பி இணைப்பு உள்ள சற்றுப் புதிய கணினி யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. லினக்ஸில் ஃப்ளாப்பியை இயக்கும் ‘டிரைவர்’ நிரல் இன்றும் இருக்கிறது. அதன் மூல நிரலின் தலைப்பிலேயே, ஃப்ளாப்பிக்கு நிரல் எழுதுவது தனக்குப் பிடிக்காது, பல டிரைவ்களில் சிக்கல் வருகிறது, உறுதி எதுவும் தர முடியாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பிறகு பொறுமையாகச் செதுக்கி, இத்தனை விதமான வட்டுகளையும் படிக்கும்படி ஆக்கியதில் அலைன் க்னாஃப் என்பவரின் உழைப்பு பெரியது. எம்டூல்ஸ், எஃப்டியூட்டில்ஸ் என்ற ஃப்ளாப்பிக் கருவி நிரல்கள் இரண்டிலும் அவர் கை உண்டு. புதிய கணினியில் டிடிக்குப் பதில் டிடிரெஸ்கியூ ஓட்டலாம். எது படித்தது, எது படிக்கவில்லை என்று அது ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். முதலில் கடை டிரைவில் ஓட்டிவிட்டு, அதே வரைபடத்தோடு பெரியப்பாவின் டிரைவில் மறுபடி ஓட்டினால் விடுபட்ட செக்டர்களை மட்டும் தேடிப் படிக்கும். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவையும் ஒரு கை பார்க்கலாம், ஆனால் அது எஃப்டி0 ஆக வராது, பென் டிரைவ் போல எஸ்டி என்ற பெயரில்தான் வரும். டிராக், ஹெட் விவரம் சொல்லாது, 1,680 கேபி வட்டுகளையும் படிக்காது.

பூஞ்சைக் குவியலைக் கடைசியாக எடுங்கள். மூடியைத் தள்ளிப் பிடித்து, நடுத் தகட்டைச் சுற்றிக்கொண்டே, அதே ஆல்கஹாலில் நனைத்த இழையில்லாத துணியால் பரப்பை அழுத்தாமல் துடைத்துவிடுங்கள், இரண்டு பக்கமும். நன்றாகக் காயவிட்டு ஒரே ஒருமுறை இமேஜ் எடுங்கள். ஒவ்வொரு பூஞ்சை வட்டுக்குப் பிறகும் ஹெட்டைத் திரும்பத் துடைக்க வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் விடாதீர்கள். கோடு விழுந்த வட்டுகளில் முக்கியமானது ஏதும் இருந்தால் அதை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு முயலுங்கள்.

வேறு சில செய்திகள் வந்தால் பயப்படாமல் இருக்க: ‘ஃப்ளாப்பி டைம்அவுட்’, ‘அன்ஏபிள் டு சென்ட் பைட்’ வந்தால் வட்டைக் குறை சொல்ல வேண்டாம், கேபிளோ கன்ட்ரோலரோதான். ஃப்ளாப்பி கன்ட்ரோலருக்கு இன்டரப்ட் 6, டிஎம்ஏ 2 என்ற தனித் தடங்கள் வேண்டும். ஏதாவது பழைய கார்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். கணினி கிளம்பும்போது ‘எஃப்டி0 இஸ் 1.44எம்’ என்ற வரி வராவிட்டால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கணினியின் தொடக்க நிரலான பயாஸ் டிரைவின் வகையை மறந்திருக்கும். 486 போர்டுகளில் அந்த பேட்டரி பீப்பாய் வடிவில் போர்டிலேயே பற்றவைத்திருந்தால், கசிகிறதா என்று இன்றே பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போர்டின் தடங்களை அரித்துவிடும். பூட் ஃப்ளாப்பியிலிருந்து கிளப்பும்போது ‘சிஆர்சி எரர், சிஸ்டம் ஹால்ட்டட்’ வந்தால் அந்த வட்டில் கர்னல் சரியாகப் படியவில்லை, வேறு வட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதிலும் வந்தால் ரேமைச் சோதியுங்கள்.

மேல் ஹெட்டைத் துடைத்த துணியில் கறை வந்ததா, ஸ்லாக்வேர் வட்டு கடைசிவரை பிழையில்லாமல் ஓடியதா என்று எழுதுங்கள். அப்புறமும் ஹெட் 1-இலேயே பிழை வந்தால், எந்த வட்டு எந்த டிரைவில் என்று குறித்து, டிமெசேஜின் வரிகளை வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள். அந்த எண்களை வைத்து டிரைவா, அலைன்மென்ட்டா என்று பிரித்துவிடலாம்.